எல்லைக் கிராமங்களில் சாரணியர்: பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ஓர் இயக்கத்தின் அமைப்பு மாற்றங்கள்

முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கும் பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், குன்னத்துகால், வெள்ளறடை ஆகிய ஊர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு பகுதியை ஒட்டியவை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவும், சந்தைப் போக்குவரத்தும், தமிழும் மலையாளமும் கலந்த பேச்சும் இங்கே மாநில எல்லைக்கு மிகவும் மூத்தவை. இந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ‘கைட்ஸ்’ என்று சொல்லும் சாரணியர் இயக்கம் எந்தெந்தக் கைகளைக் கடந்து இன்றைய வடிவத்துக்கு வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சாரணியர் இயக்கத்தின் வரலாறு பெரும்பாலும் தலைமை நிலையங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆணையர்கள், மாநாடுகள், பெருந்திரளணிகள் (ஜாம்போரி) என்று அது நகர்கிறது. எல்லைக் கிராமத்தில் நின்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. இயக்கத்தின் மேல்மட்டம் பேரரசின் சங்கமாக இருந்தது; பிறகு தேசிய அமைப்பானது; பிறகு மொழிவழி மாநிலச் சங்கங்களாகப் பிரிந்தது; கடைசியாகப் பள்ளிக்கல்வித் துறையின் மதிப்பெண் ஏற்பாட்டோடு பிணைந்தது. இத்தனை மாற்றங்களுக்கும் அடியில் மாறாமல் நின்றது ஆறு முதல் எட்டுச் சிறுமியர் சேர்ந்த அணி ஒன்றுதான். இயக்கத்தின் பயன் எப்போதும் அந்த அணியைச் சார்ந்தே இருந்தது என்பதும், இன்று நெருக்கடிக்கு உள்ளாகியிருப்பதும் அதுவே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

1. களம்: பெண்பிள்ளை பள்ளிக்கு வந்த வழி

சாரணியர் இயக்கம் பள்ளியை நம்பி வளர்வது. ஆகவே இந்த மண்ணில் பெண்பிள்ளை பள்ளிக்கு எப்படி வந்தாள் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். இலண்டன் மிஷன் சங்கத்தார் 1819இல் நாகர்கோவிலில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார்கள். தென்திருவிதாங்கூர் முழுவதும் பரவிய அவர்களது பணிக்குப் பாறசாலையும் ஒரு நிலையமாயிற்று. அங்கே ஊழியம் செய்த ஜான் ஆப்ஸ், திருவிதாங்கூரில் தாம் கழித்த இருபத்திரண்டு ஆண்டுகளின் அனுபவத்தை 1870இல் நூலாக வெளியிட்டார்.

அதே காலத்தில்தான் தோள்சீலைப் போராட்டமும் நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு 1859 ஜூலை 26 அன்று அரச அறிவிப்பு வந்தது. உடுத்தும் துணிக்காகப் பெண்கள் அடிபட்ட வட்டாரம் இது. பள்ளிக்கூட வாசலுக்காகவும் இங்கே போராட வேண்டியிருந்தது. 1910களில் சமூகப் போராளி அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் சமூகச் சிறுமியை நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அவள் உட்கார்ந்த பள்ளியையே எதிர்ப்பாளர்கள் தீயிட்டார்கள். எரிந்து மிஞ்சிய பெஞ்சு அந்தப் பள்ளியில் இன்றும் காக்கப்படுகிறது.

இந்தப் பின்புலத்தை மனத்தில் கொண்டால், ஒரே நிறச் சீருடையில் எல்லாச் சாதிப் பெண்பிள்ளைகளும் ஒரே அணியில் நிற்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். வேறிடங்களில் சாரணியர் சீருடை ஒழுங்கின் அடையாளம். இவ்வட்டாரத்தில் அதற்குச் சமத்துவத்தின் கனமும் சேர்ந்துகொண்டது.

2. பேரரசின் சங்கம்: 1909 முதல் 1947 வரை

1909இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குச் சிறுமியரும் தாங்களாகவே வந்து நின்றார்கள். அவர்களது பிடிவாதத்தின் விளைவாக 1910இல் சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவலின் தங்கை ஆக்னெஸ் தலைமையில் சாரணியர் சங்கம் உருவானது. பெண்களுக்கு இயக்கம் மேலிருந்து அருளப்பட்டது என்று சொல்வது இதனால் பொருந்தாது. அவர்கள் கேட்டுப் பெற்றார்கள்.

இந்தியாவில் முதல் சாரணியர் கம்பெனி 1911இல் ஜபல்பூரில் அமைந்தது. அதில் இடம்பெற்றவர்கள் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுமியர் மட்டுமே. 1916ஆம் ஆண்டுவாக்கில்தான் இந்தியச் சிறுமியருக்கு வாசல் திறந்தது. அதே 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். 1917இல் மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் முயற்சியில் அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர் சங்கம் எழுந்தது. 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் பேரரசின் தாய்ச்சங்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி தனித்தே நின்றது. மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியை விடுதலை வேட்கையுள்ளவர்களால் ஏற்க முடியவில்லை. 1928இல் உலகச் சாரணியர் சங்கம் உருவானபோது அதை நிறுவிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் அந்த இந்தியாவின் உறுதிமொழியில் அரசர் இருந்தார்.

அக்கால நெய்யாற்றின்கரையோ அரசியல் கொதிப்பு நிறைந்த ஊர். 1910இல் திருவிதாங்கூர் அரசால் நாடு கடத்தப்பட்ட ‘சுதேசாபிமானி’ இராமகிருஷ்ண பிள்ளை பிறந்த மண் அது. 1938 ஆகஸ்ட் 31 அன்று அங்கே துப்பாக்கிச் சூடு நடந்து வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அக்கம்மா செறியான் திருவனந்தபுரத்தில் பெரும் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினார். பெண் தொண்டர்களைத் திரட்டித் தேசசேவிகா சங்கத்தை அமைக்கும் பொறுப்பையும் மாநில காங்கிரஸ் அவரிடம் ஒப்படைத்தது. அணிவகுக்கவும் முதலுதவி செய்யவும் பொது இடத்தில் அஞ்சாமல் நிற்கவும் பெண்களைப் பழக்கும் வேலை, ஒரே காலத்தில் இரண்டு திசைகளில் நடந்தது. ஒன்று பேரரசின் நிழலில். மற்றொன்று அதற்கு எதிரில். விடுதலைக்குப் பின் வந்த இணைப்பைப் புரிந்துகொள்ள இந்த இருமை முக்கியமானது.

3. இணைப்பு: 1950, 1951

பிரிந்து கிடந்த சாரணர் சங்கங்களை ஒன்றாக்கும் முயற்சியில் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் ஈடுபட்டார். 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் அமைப்பு உருவானது. சாரணியர் சங்கம் 1951 ஆகஸ்ட் 15 அன்று அதில் முறையாகச் சேர்ந்தது. பெண்கள் ஒன்பது மாதங்களுக்கும் மேல் பிந்தி வந்தது கவனிக்கத் தக்கது. தங்கள் சங்கத்தைத் தாங்களே நடத்திப் பழகியவர்களுக்கு, ஆண்கள் பெருவாரியாக உள்ள அமைப்பில் தனித்தன்மை கரைந்துவிடுமோ என்ற கவலை எழுவது இயல்பே.

கண்டடைந்த தீர்வு இது. ஒரே அமைப்பு, இரண்டு பிரிவுகள். சாரணியர் பிரிவுக்குத் தனி ஆணையர்கள், தனிப் பயிற்சியாளர்கள், கம்பெனிக்குப் பெண்ணே கேப்டன். அமைப்பு முழுவதும் உலகச் சாரணர் அமைப்பிலும் உலகச் சாரணியர் சங்கத்திலும் ஒருசேர உறுப்பு வகிக்கிறது. இந்த ஏற்பாடு பெண்களை ஓரங்கட்டவில்லை என்பதற்கு இலட்சுமி மஜும்தார் சான்று. 1964 முதல் 1983 வரை இரு பிரிவுகளுக்கும் தேசிய ஆணையராக இருந்தவர் அவர். அவரது காலத்தில்தான் 1966 அக்டோபரில் புனேயில் ‘சங்கம்’ என்ற உலகச் சாரணியர் மையம் திறக்கப்பட்டது. உறுதிமொழியிலும் அரசர் போய் நாடு வந்தது; கடவுள் என்ற சொல்லுக்குப் பதிலாகத் தர்மம் என்று சொல்லவும் இடம் கிடைத்தது.

4. ஒரு வட்டாரம், இரண்டு மாநிலச் சங்கங்கள்: 1956க்குப் பின்

தேசிய அளவில் இணைப்பு முடிந்த ஐந்தாண்டுகளில் எல்லைக் கிராமங்களுக்குப் பிரிவு வந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸின் போராட்டம் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையான மிஷன் சபையும் இந்தக் கோட்டுக்குத் தப்பவில்லை. 1959இல் அதன் தென்திருவிதாங்கூர்ப் பேராயம் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டாயிற்று. ஒரே நிர்வாகத்தில் இருந்த பள்ளிகள் இரு பக்கமும் பிரிந்தன.

சாரணியர் அமைப்பில் மாநிலச் சங்கம், மாவட்டச் சங்கம், உள்ளூர்ச் சங்கம் என்று படிகள் உண்டு. கேரளத்தில் மாவட்டச் சங்கங்கள் கல்வி மாவட்டங்களைத் தழுவியவை. நெய்யாற்றின்கரை அப்படிப்பட்ட கல்வி மாவட்டம். பாறசாலை அதன் துணை மாவட்டங்களில் ஒன்று. எல்லைக்கு அப்பால் உள்ள களியக்காவிளைப் பள்ளிகளோ தமிழ்நாட்டுச் சங்கத்துக்கு உட்பட்டவை. விளைவு எளிது. அக்காள் மகள் பாறசாலையிலும் தங்கை மகள் களியக்காவிளையிலும் படித்தால், ஒருத்தி மலையாளத்திலும் மற்றவள் தமிழிலும் உறுதிமொழி எடுக்கிறாள். பிரார்த்தனைப் பாடலையும் கொடிப் பாடலையும் இருவரும் இந்தியில் பாடுகிறார்கள். முகாம்களும் தேர்வுகளும் ஆளுநர் கையால் விருது வாங்கும் மேடையும் இருவருக்கும் வேறுவேறு. நாடு தழுவிய பெருந்திரளணியில் சந்திக்கலாம். பக்கத்து ஊரில் சந்திக்க ஏற்பாடு கிடையாது.

இது நிர்வாகச் சிக்கலாக மட்டும் நிற்பதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஓக்கிப் புயல் அடித்தபோது பூவாறு, பொழியூர்க் கடற்கரையையும் கன்னியாகுமரி மாவட்ட மீனவர் ஊர்களையும் ஒரே இரவில் தாக்கியது. அழுகுரல் எல்லை பார்க்கவில்லை. ‘ஆயத்தமாய் இரு’ என்பதைக் குறிக்கோளாகக் கொண்ட இயக்கத்தின் இரு பக்கக் கம்பெனிகளும் ஒன்றாகப் பயிற்சி பெற்றிருக்க வேண்டிய இடம் இதுவே.

5. செயல்பாடுகள்: அணியின் உள்வாழ்க்கை

பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமியர் புல்புல் பிரிவிலும், பத்தைக் கடந்தவர்கள் கைடு பிரிவிலும், 25 வயது வரையிலான இளம்பெண்கள் ரேஞ்சர் பிரிவிலும் சேர்கிறார்கள். ஒரு கைடு கம்பெனியில் 32 பேர் வரை இருக்கலாம். அது அணிகளாகப் பிரியும். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவி, ஒரு துணைத்தலைவி. அணித்தலைவிகளும் கேப்டனும் கூடும் கௌரவ மன்றம் கம்பெனியின் முடிவுகளை எடுக்கிறது. வகுப்பறையில் ஆசிரியை சொல்ல மாணவி கேட்பாள். கௌரவ மன்றத்தில் பதின்மூன்று வயதுச் சிறுமி வாதாடி, வாக்களித்து, முடிவுக்குப் பொறுப்பேற்கிறாள்.

பிரவேசம், பிரதம சோபானம், துவிதீய சோபானம், திருதீய சோபானம், ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது என்று படிகள் ஏறுகின்றன. தொடக்கத்தில் கொடியின் மரபு, சில முடிச்சுகள், சிறு காயத்துக்கு மருந்திடுதல். பிறகு திசைகாட்டி கொண்டு வழி அறிதல், வரைபடம் வாசித்தல், கம்பும் கயிறும் மட்டும் வைத்துப் பாலமும் கூடாரமும் கட்டுதல், பாத்திரமில்லாமல் சமைத்தல், மரத்தின் உயரத்தை ஏறாமலே கணித்தல். கழுத்தில் கட்டும் முக்கோணத் துணி, முறிந்த கையைத் தாங்கும் தூளியாகவும் இரத்தத்தை நிறுத்தும் கட்டாகவும் மாறும். முகாமில் இரவுக் காவல் முறை வரும். அதில் எந்தச் சாதி வீட்டுப் பெண்ணுக்கும் விலக்கு இல்லை. அணி சேர்ந்து பொங்கிய சோற்றை அணியே பகிர்ந்து உண்கிறது. பஞ்சமியின் பள்ளி எரிந்த தாலுகாவில் இதைச் சாதாரணச் செயல் என்று கடந்துபோக முடியாது.

தொடக்ககாலக் கையேடுகள் சமையல், நோயாளிப் பராமரிப்பு என்று வீட்டுக் கடமைகளை வலியுறுத்தின. பெண்ணை நல்ல இல்லாளாக்கும் நோக்கம் அவற்றில் வெளிப்படை. ஆனால் முகாம் என்ற வடிவமே அந்த நோக்கத்தைத் தாண்டிச் சென்றது. வீட்டை விட்டு வெளியே இரவு தங்கி, தானே கூடாரம் அடித்து, தோழியரை வழிநடத்தித் திரும்பும் பெண் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டே வருகிறாள். அந்தக் கல்வி எந்தக் கையேட்டின் பாடத்திட்டத்திலும் இல்லை.

6. மதிப்பெண்ணும் போட்டி அமைப்புகளும்

கேரளத்தில் ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது பெற்றவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வில் கருணை மதிப்பெண் தரும் முறை வந்தது. இதனால் பெற்றோரின் தயக்கம் குறைந்தது. மகள் முகாமுக்குப் போவதை மறுத்த வீடுகளும் மதிப்பெண்ணுக்காக அனுப்பத் தொடங்கின. அந்த அளவில் அது நன்மையே. கூடவே ஒரு தீங்கும் நுழைந்தது. பல மாதங்கள் அணியோடு வாழ்ந்து ஏற வேண்டிய படிகள், தேர்வுக்கு முன் முடிக்க வேண்டிய பதிவேடுகளாகச் சுருங்கின. விருது தனி மாணவிக்கு உரியது. அணிக்கு மதிப்பெண் இல்லை. ஆகவே கவனம் அணியை விட்டு ஆளிடம் போனது. பெருந்தொற்றுக் காலத்தில் செயல்பாடுகள் நின்றதால் 2021இல் கருணை மதிப்பெண்ணை அரசு வழங்கவில்லை. விருதும் முகாமும் இல்லாதபோது அணி எதற்காகக் கூட வேண்டும் என்ற கேள்வி அப்போது வெளிப்படையாக எழுந்தது.

மற்றொரு மாற்றம் பள்ளிக்குள்ளேயே நிகழ்ந்தது. 1949 முதல் மாணவியருக்கும் தேசிய மாணவர் படை இருக்கிறது. 2010 ஆகஸ்ட் 2 அன்று கேரள அரசு 127 பள்ளிகளில் மாணவர் காவல் படையைத் தொடங்கியது. 2018இல் கணினிப் பயிற்சிக்கான லிட்டில் கைட்ஸ் (Little KITEs) வந்தது; பெயர் ஒலி ஒத்தாலும் அது சாரணியர் பிரிவு அல்ல. இளம் செஞ்சிலுவைச் சங்கம் முன்பே உண்டு. அத்தனையும் ஒரே வயதுப் பிள்ளைகளையும் அதே சில ஆசிரியைகளையும் நாடுகின்றன. காவல் படைக்குக் காவல் துறையின் பின்பலம் உண்டு. சாரணியர் கம்பெனிக்கோ கேப்டனின் உழைப்பே மூலதனம். அடிப்படைப் பயிற்சி, மேற்பயிற்சி, ஹிமாலயா வுட் பேட்ஜ் என்று அவர் பெறும் பயிற்சி நீண்டது. அரசுப் பள்ளியில் அவர் இடம் மாறினால் கம்பெனி ஆதரவற்றுப் போகிறது. ஒரே நிர்வாகத்தில் ஆசிரியை நீடிக்கும் உதவிபெறும் பள்ளிகளில் தொடர்ச்சிக்கு வாய்ப்பு அதிகம்.

முடிவுரை

பேரரசு, தேசம், மொழிவழி மாநிலம், கல்வித் துறை என நான்கு அதிகாரங்கள் இந்த இயக்கத்தைத் தம் தேவைக்கு ஏற்ப வடிவமைத்திருக்கின்றன. அவை ஒவ்வொன்றின்கீழும் எல்லைக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் அணியாகக் கூடி, தங்களுக்குள் தலைவியைக் கண்டு, முடிவெடுக்கப் பழகினார்கள். அந்தப் பழக்கமே இவ்வட்டாரத்தின் நீண்ட சமத்துவப் போராட்டத்தோடு இயக்கத்தை இணைக்கும் கண்ணி.

இதிலிருந்து மூன்று பரிந்துரைகள் எழுகின்றன. முதலாவது, விருது மதிப்பீட்டில் தனி மாணவியின் பதிவேட்டோடு அணியின் கூட்டுச் செயலுக்கும் கௌரவ மன்றத்தின் நடவடிக்கைகளுக்கும் எடை தர வேண்டும். இரண்டாவது, எல்லையின் இருபுறத்து மாவட்டச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இணைந்து எல்லை முகாம் நடத்த வேண்டும். கடலோரப் பேரிடர்ப் பயிற்சி அதன் மையமாக இருக்கட்டும். 2025 தொடக்கத்தில் மணப்பாறையில் நாடெங்கிலுமிருந்து சாரணியரைக் கூட்டிப் பெருந்திரளணி நடத்த முடிந்த அமைப்புக்கு இது பெரிய காரியமில்லை. மூன்றாவது, ஓய்வுபெற்ற கேப்டன்களின் நினைவுகளையும் பழைய பள்ளிகளில் கிடக்கும் கம்பெனிப் பதிவேடுகளையும் இரு மொழிகளிலும் திரட்ட வேண்டும். தலைமை நிலையங்களுக்குத் தங்கள் ஆவணங்களைக் காக்க வசதி உண்டு. கிராமத்து அணிகளின் வரலாற்றை அந்த வட்டாரத்தார் எழுதினால்தான் உண்டு; அதை எழுதத் தகுதி மிக்கவர்கள் அந்த அணிகளில் நின்று வளர்ந்த பெண்களே.