கழிவுநீரில் கரைந்த மருந்தையும் சாயத்தையும் ஒளியால் சிதைக்கும் முறை: செயல்படுவது எப்படி?

ஆலைக் கழிவுநீரில் கரைந்துள்ள மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி போன்ற கரிமச் சேர்மங்களை ஒளியின் துணையுடன் ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கும் முறை ஒளிவினையூக்கம் எனப்படுகிறது.

தேவை என்ன?

தெலங்கானா மாநிலம் ஐதராபாத் அருகேயுள்ள பட்டன்செருவில், பல மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் இருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். அதில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007-ம் ஆண்டு தெரிவித்தனர். இது சில பாக்டீரியாக்களைப் பாதிக்கும் அளவைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகமாகும். இத்தகைய நீரில், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகும் அபாயம் உள்ளது.

வழக்கமான சுத்திகரிப்பில் கழிவைச் சிதைப்பவை பாக்டீரியாக்களே. அவற்றையே அழிக்கும் மருந்தை அவற்றால் முழுமையாகச் சிதைக்க இயலாது. கார்பன் வடிகட்டிகளோ மாசைப் பிடித்து வைக்கின்றன, அழிப்பதில்லை.

செயல்படும் விதம்

வெள்ளை வண்ணப்பூச்சில் பயன்படும் டைட்டானியம் டை ஆக்சைடு இம்முறையில் வினையூக்கியாக அமைகிறது. சுமார் 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளி அதன் மீது படும்போது எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து, நேர்மின் துளைகள் உருவாகின்றன. இவை நீருடனும் அதில் கரைந்த ஆக்சிஜனுடனும் வினைபுரிந்து, ஓசோனைவிட வலிமையான ஹைட்ராக்சில் உறுப்புகளை உருவாக்குகின்றன. அவை கரிம மூலக்கூறுகளைத் தாக்கிப் படிப்படியாக உடைக்கின்றன. வினை முழுமையடைந்தால் கார்பன் டை ஆக்சைடு, நீர், கனிம உப்புகள் ஆகியவையே எஞ்சும். குளோரின் சேர்க்கத் தேவையில்லை.

ஒளிபட்ட டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனை நீரைப் பிளப்பதாக, ஜப்பானின் அகிரா புஜிஷிமா, கெனிச்சி ஹோண்டா ஆகியோர் 1972-ல் வெளியிட்ட ஆய்வே இத்துறைக்கு உந்துதலாக அமைந்தது.

வரம்புகள்

தரையை எட்டும் சூரிய ஒளியில் புற ஊதாவின் பங்கு சுமார் 5 சதவீதம் மட்டுமே. எனவே, கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் இயங்கும் வினையூக்கிகளை உருவாக்க ஆய்வுகள் நடைபெறுகின்றன. கலங்கிய நீரில் ஒளி ஊடுருவாது. நுண்துகள்களாக உள்ள வினையூக்கியை நீரில் இருந்து பிரித்தெடுப்பதும் கடினம். ஆகவே, வழக்கமான சுத்திகரிப்புக்கு மாற்றாக அன்றி, அதற்குப் பிந்தைய கட்டமாகவே இம்முறை பெரிதும் கருதப்படுகிறது.

நிறம் நீங்கினால் போதுமா?

சாய மூலக்கூறின் ஒரு பிணைப்பு உடைந்தாலே நிறம் மறைந்துவிடும். எஞ்சும் துண்டுகளில் சில, மூலச் சேர்மத்தைவிட நச்சுத்தன்மை மிக்கவையாக இருக்கக்கூடும். ஆதலால் நீரின் நிறத்தை மட்டும் கொண்டு தூய்மையை முடிவு செய்ய முடியாது. மொத்தக் கரிமக் கார்பன் அளவையும் நச்சுத்தன்மையையும் பரிசோதிப்பது அவசியமாகும்.