நிலைத்தெப்பமும் படகுவீடும்: நீர்வழி உல்லாசப் பயணத்தின் வரலாறு, கரிசல் நாட்டிலிருந்து ஒரு பார்வை

குண்டாறு மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் பிறந்து, திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவை நோக்கிப் போகிறது. வடகிழக்குப் பருவமழை வலுத்தால் சில நாள் கலங்கிப் புரண்டு வரும். மற்ற காலமெல்லாம் மணல்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் ஆற்றை நம்பி வாழ்ந்ததைவிடக் கண்மாயை நம்பி வாழ்ந்ததே அதிகம். பெய்த மழையை வரத்துக்கால் வழியே கண்மாயில் சேர்ப்பார்கள். மடை திறந்து வயலுக்குப் பாய்ச்சுவார்கள். மிஞ்சியது கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்குப் போகும். திருச்சுழித் தலபுராணத்தில்கூட, ஊழிவெள்ளம் ஊரைச் சூழ்ந்தபோது இறைவன் சூலத்தால் நிலத்தைத் துளைத்து அந்த வெள்ளத்தைப் பூமிக்குள் சுழித்திறங்கச் செய்தார் என்றுதான் கதை. வந்த தண்ணீர் நிற்காமல் மறைந்துபோவதை நன்கு அறிந்தவர்கள் சொன்ன கதை அது.

இப்படிப்பட்ட நிலத்தில் நின்று ஆற்றுவழி உல்லாசப் பயணத்தைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பயணத்தின் தோற்றத்துக்கு வழக்கமாக ஒரே விளக்கம்தான் சொல்லப்படுகிறது. முதலில் படகுகள் சரக்கையும் ஆளையும் ஏற்றின. பிறகு ரயிலும் லாரியும் அந்தப் பாரத்தைப் பறித்துக்கொண்டன. வேலை இழந்த படகு சுற்றுலாவுக்கு வந்தது. பெரும்பாலான ஆறுகளுக்கு இது பொருந்தும். மதுரைக்கும் அதன் தெற்கே உள்ள வறண்ட நாட்டுக்கும் பொருந்தாது. இங்கே நீரில் மிதந்து மகிழும் வழக்கம் போக்குவரத்திலிருந்து பிறக்கவில்லை. போக்குவரத்துக்கு வழியே இல்லாத நிலையில், குளம் வெட்டி, அதற்குக் கால்வாய் வெட்டி, அந்த மகிழ்ச்சி தனியாக உண்டாக்கப்பட்டது. இந்த வேறுபாட்டைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாரம் இறங்கிய படகுகள்

வழக்கமான விளக்கத்துக்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. ரைன் ஆற்றில் கொலோன், மைன்ஸ் நகரங்களுக்கிடையே 1827இல் நீராவிப் படகுகள் முறையாக ஓடத் தொடங்கின. நைல் ஆற்றில் எகிப்து அரசின் நீராவிப் படகுகளுக்குப் பயணிகளைச் சேர்க்கும் முகவராகத் தாமஸ் குக் 1870இல் அமர்ந்தார். தேதி, கட்டணம், உணவு, இறங்கிப் பார்க்கும் இடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே வகுத்து விற்கும் முறை ஆற்றுப் பயணத்துக்கு அங்கேதான் நன்றாக ஊன்றியது. 1992இல் மைன், டான்யூப் ஆறுகளை இணைக்கும் 171 கிலோமீட்டர் கால்வாய் திறக்கப்பட்டதும் வடகடலிலிருந்து கருங்கடல் வரை படகு போக வழி உண்டானது. சரக்குக்காக வெட்டப்பட்ட அந்தக் கால்வாயால் மிகுந்த பலன் கண்டவற்றில் ஐரோப்பிய ஆற்றுச் சொகுசுக் கப்பல்களும் சேர்ந்துகொண்டன.

நம்மவர்க்கு நெருக்கமானது பர்மா. ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனி 1865இல் ஸ்காட்லாந்துக்காரர்களால் தொடங்கப்பட்டது. 1920களின் இறுதியில் அதனிடம் 600க்கும் மேற்பட்ட கலங்கள் இருந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லட்சம் பேர் அவற்றில் பயணம் செய்தார்கள். அன்று உலகத்திலேயே மிகப் பெரிய ஆற்றுப் படகுக் கூட்டம் அதுவே. அதே காலத்தில் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வணிகர்களும் கூலிகளும் பர்மாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1910இல் உருவான அம்மாவட்டத்தில்தான் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அப்போது இருந்தன. செட்டிநாட்டு வட்டிக்கடைகள் ஐராவதிக் கழிமுகத்து நெல்வயல்களுக்குக் கடன் கொடுத்தன. கடன் கொடுத்தவரும் கணக்கெழுதியவரும் நெல் அளந்தவரும் ஊர் ஊராகப் போக வேண்டிய அந்தக் கழிமுகத்தில் ஆறுதான் சாலை.

அந்தப் படகுகளில் மேல்வகுப்பு அறைகள் இருந்தன. மாந்தளை, பாமோ வரை போய் வரும் ஐரோப்பியர்கள் அவற்றில் தங்கி, இரு கரையிலும் வெள்ளைக் கோபுரங்கள் நகர்வதைப் பார்த்தபடி சென்றார்கள். கீழ்த்தளத்தில் மூட்டைகளோடும் கோழிக்கூடைகளோடும் பாய் விரித்துப் படுத்தவர்களும் அதே கரையைத்தான் பார்த்தார்கள். ஆனால் ஆற்றுப் பயண இலக்கியம் என்று இன்று வாசிக்கப்படுவது பெரும்பாலும் மேல்தளத்தில் இருந்தவர்கள் எழுதியது. தளப்பயணிகளின் பார்வை எழுத்தில் சேராமல் போனது இத்துறை வரலாற்றில் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. பொழுதுபோக்குக்காகப் போகிறவனுக்கு மட்டும்தான் ஆறு அழகாகத் தெரியும் என்று கொள்வதற்கு ஆதாரம் ஏதும் கிடையாது.

1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது எதிரி கையில் சிக்கக்கூடாதென்று கம்பெனியே தன் படகுகளை ஆற்றில் மூழ்கடித்தது. கப்பல் கிடைக்காத பல்லாயிரம் இந்தியர்கள் காடும் மலையும் கடந்து அசாமுக்கும் வங்கத்துக்கும் நடந்து வந்தார்கள்; வழியில் இறந்தவர்கள் ஏராளம். அந்தப் பழைய கம்பெனியின் பெயரும் பாணியும் 1995இல் சுற்றுலாவுக்காக மீட்கப்பட்டு, பாண்டா என்ற பெயரில் படகுகள் மறுபடி ஓடின. இம்முறை அறைகள் மட்டுமே இருந்தன. பாய் விரிக்கும் தளம் இல்லை.

கேரளத்துக் கெட்டுவள்ளத்தின் கதையும் இதே பாதையில் போகிறது. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய அந்த வள்ளங்கள் குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குக் கொண்டுபோனவை. லாரி வந்தபின் கரையில் கிடந்தவற்றின்மேல் 1990களின் தொடக்கத்தில் மூங்கில் கூரையும் படுக்கையறையும் சமையற்கட்டும் ஏறின. இன்று ஆலப்புழைக்குப் போகும் அருப்புக்கோட்டைக் குடும்பம் இராஜபாளையம், செங்கோட்டை, புனலூர் வழியாக வேனில் இறங்கிப் படகுவீட்டில் ஏறுகிறது. அங்கே அவர்களை முதலில் நிறுத்திவைப்பது காயலின் அகலத்தைவிட வயலின் ஆழம் என்று நினைக்கிறேன். குட்டநாட்டு வயல்கள் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. படகு மேலே போகிறது, நெல் கீழே நிற்கிறது. நம் பக்கம் கரை கட்டுவது தண்ணீரைப் பிடித்துவைக்க. அங்கே கரை கட்டுவது தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க. விதைப்புக்கு முன் வயலிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியே கொட்டுகிறார்கள். கண்மாய் மடைக்கு முறை வைத்துக் காவல் இருந்த ஒரு சம்சாரிக்கு இதைவிட வியப்பான காட்சி வேறு இருக்க முடியாது.

கடல் கப்பலில் தொடுவானம் மட்டும்தான் தெரியும். ரயிலில் ஊர் தெரிந்த மாத்திரத்தில் மறைந்துவிடும். ஆற்றுப் படகில் ஊரின் கொல்லைப்புறம் தெரிகிறது. துணி துவைக்கும் படித்துறை, குளிக்கும் பிள்ளைகள், வலை காயப்போட்ட வேலி என்று மனிதர்கள் வாசலில் காட்டாத வாழ்க்கை நடைவேகத்தில் கடந்து போகிறது. இந்தப் பயணம் மனிதரை ஈர்ப்பதற்கு இந்த நெருக்கமே முதற்காரணம். பெட்டியை ஒருமுறை திறந்து வைத்தால் போதும், ஊர்கள் தாமே வந்து போகும் என்ற வசதி அதற்கு அடுத்தது.

கயிறு பிடித்தவர்கள்

தமிழகத்திலும் சரக்குக் கால்வாய் ஒன்று உல்லாசப் பயணத்துக்குப் பயன்பட்டது. சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி 1806இல் காக்ரேன் என்பவர் தொடங்கிய கால்வாய், பின்னர் வடக்கே ஆந்திரக் கடற்கரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டு, ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஆயிற்று. 1876–78 பெரும்பஞ்சத்தில், சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியைப் பஞ்ச நிவாரணக் கூலிகள் வெட்டினார்கள். 1878இல் அன்றைய ஆளுநர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. விறகும் உப்பும் நெல்லும் அதில் வந்தன. பாரதிதாசன் நண்பர்களோடு அக்கால்வாயில் தோணியேறி மாமல்லபுரம் போனதைப் பாடியிருக்கிறார். நிலவும் நீரும் நட்பும் கலந்த பயணப் பாட்டு அது. ஆயினும் கயிறு பிடித்துத் தோணியை இழுக்கும் உழைப்பாளியின் துன்பத்தையும் கவிஞர் பார்க்காமல் விடவில்லை. தமிழில் நீர்வழி உல்லாசப் பயணம் பற்றிய முதன்மையான ஆவணமாக அதை வைப்பேன். மேல்தளத்தில் இருந்துகொண்டே கீழே பார்த்த கண் அதில் இருக்கிறது. ஐராவதிக் குறிப்புகளில் அது அபூர்வம்.

தெப்பம்

மதுரை நாட்டுக்கு வருவோம். வைகையில் படகுகள் இருந்ததற்குப் பழஞ்சான்று உண்டு. குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் கொண்ட ஓடங்கள் மதுரைத் துறைகளில் இயங்கியதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அந்தப் பெருந்துறையை விட்டு மரப்புணையில் வைகையைக் கடக்கிறார்கள். பரிபாடலின் வைகைப் பாடல்கள் புதுப்புனல் வந்த நாளின் விளையாட்டைக் கொண்டாடுகின்றன. ஆனால் இவை கடப்பதற்கான ஓடங்களும் வெள்ளநாள் கொண்டாட்டமுமே. ஆற்றின் போக்கிலேயே நாள்கணக்கில் போகும் பயணம் அவற்றில் இல்லை. சில மாதமே ஓடும் ஆறு அதற்கு இடம் தராது.

அந்த இடத்தை நிரப்பியது குளம். திருமலை நாயக்கர் 1645இல் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை அமைத்தார். ஒரு பக்கம் ஏறத்தாழ ஆயிரம் அடி நீளம், நடுவில் மைய மண்டபம், வைகையிலிருந்து நீர் கொண்டுவரும் கால்வாய். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் ஏறி மண்டபத்தைச் சுற்றி வருகிறார்கள். கரையில் நிற்கும் மக்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். போய்ச் சேர வேண்டிய ஊர் எதுவும் இதில் கிடையாது. ஏறிய இடத்துக்கே திரும்பி வரும் பயணம். நீரின்மேல் மெல்லப் போவதும், போவதைக் கரையிலிருந்து பார்ப்பதுமே நோக்கம். திருமலை நாயக்கரின் தெப்பம், குக்கின் நைல் பயணத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. பயன் கருதாமல் நீரில் உலா வருவது தொழிற்புரட்சிக்குப் பின் வந்த ஓய்வுக் கலாசாரம் என்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வடம் பிடிப்பதும் இங்கே கூலி வேலையாக இல்லாமல் பேறாகக் கருதப்படுகிறது. பக்கிங்காம் கால்வாயின் கயிற்றுக்கும் தெப்பத்தின் வடத்துக்கும் உள்ள தூரம், ஒரே செயல் இருவேறு சமூக ஏற்பாடுகளில் பெறும் பொருளின் தூரம்.

விருதுநகர் ஊர் நடுவே தெப்பக்குளம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமுக்குளம் இருக்கிறது. ஆறு தராத நிரந்தர நீரை ஊர்கள் இப்படித் தமக்குத் தாமே உண்டாக்கிக்கொண்டன. இதில் அழகுணர்ச்சி இருந்தது, பக்தி இருந்தது, ஊர்க்கிணறுகளில் ஊற்று வற்றாமல் காக்கும் கணக்கும் இருந்தது.

இந்த ஏற்பாட்டின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். வரத்துக்கால்வாய் தூர்ந்து குளம் வற்றிய ஆண்டுகளில் வண்டியூரில் தெப்பம் மிதக்கவில்லை. தரையில் நிறுத்தி வைத்து விழா நடத்தினார்கள். அதற்கு நிலைத்தெப்பம் என்று பெயர். அருகிலுள்ள கண்மாய்களில் மடை காய்ந்து கிடப்பதை அறிந்த மக்கள் அந்த அசையாத தெப்பத்தின் முன்னும் திரண்டு வந்தார்கள். அண்மை ஆண்டுகளில் கால்வாய் சீராகி வைகை நீர் மறுபடி குளத்தில் நிற்கிறது, தெப்பமும் மிதக்கிறது. தண்ணீர் எவ்வளவு பெய்தது என்பதோடு, அது வரும் வழியை ஊர் காத்ததா என்பதும் அந்த ஒரு நாள் உலாவைத் தீர்மானிக்கிறது.

இன்றைய திட்டங்கள்

2016ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டில் 111 தேசிய நீர்வழிகளை அறிவித்தது. அந்தப் பட்டியலில் காவிரியும் தாமிரபரணியும் இருக்கின்றன, வைகையும் இருக்கிறது. குண்டாறு இல்லை. 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியிலிருந்து கங்கா விலாஸ் என்ற சொகுசுக் கப்பல் வங்கதேசம் வழியாகத் திப்ருகருக்குப் புறப்பட்டது; 51 நாள், ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர், 36 பேருக்கு இடம். பனிமலை உருகிவரும் ஆற்றில்தான் அது கூடும். வைகையைப் பட்டியலில் சேர்த்ததால் மட்டும் அதில் படகு மிதந்துவிடாது. அந்த அறிவிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கரிசல் நாட்டுக்கு உண்மையில் பொருள் உள்ள திட்டம் வேறு. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மாயனூர்க் கட்டளைக் கதவணையிலிருந்து தெற்கு வெள்ளாறு, வைகை வழியாகக் குண்டாறு வரை 262 கிலோமீட்டர். காவிரியில் வெள்ளமாகக் கடலுக்குப் போகும் நீரில் ஏறத்தாழ 6,300 மில்லியன் கனஅடியைத் திருப்புவதே நோக்கம். மூன்று கட்டங்களில் கடைசியானது வைகையிலிருந்து குண்டாறு வரையிலான 34 கிலோமீட்டர். மூன்றிலும் மிகக் குறுகியதும் அதுவே. இது வெள்ளக் கால்வாய். படகுக்காகத் திட்டமிட்டதில்லை, அதில் ஆண்டு முழுதும் நீர் நிற்கவும் போவதில்லை. மேலே இரண்டு கட்டமும் முடியாமல் இந்த 34 கிலோமீட்டரை மட்டும் வெட்டிப் பயனில்லை. அது முடியும் நாளில் வருகிற நீரை ஏற்க இந்த வட்டாரத்து வரத்துக்கால்கள் தூரின்றி இருக்க வேண்டும். அந்த வேலைக்குக் காவிரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஐப்பசி மழைக்கே அது வேண்டும்.