துறவியும் துரையும்

பாண்டிருப்பில் பஸ் ஏறித் தெற்கே போனால் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர்கள் இடைவெளியில்லாமல் வரும். ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்கியதைப் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இந்தக் கரையில் பொதுப்பணியைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பெயர்களைத் தவிர்க்க முடியாது. ஒருவர் இங்கே பிறந்து வெளியே போன சுவாமி விபுலாநந்தர். மற்றவர் வெளியே பிறந்து இங்கே வந்துபோன ஏ. எம். ஏ. அஸீஸ். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ‘வாழ்நாள் சேவை’ என்பதற்கு நாம் கொடுத்து வரும் பொருள் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

முதலில் ஒற்றுமை. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் (பின்னாளில் சுவாமி விபுலாநந்தர்), கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும் பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த அஸீஸ் படித்தது வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும். இந்துப் பிள்ளைக்குக் கிறிஸ்தவப் பள்ளி. முஸ்லிம் பிள்ளைக்கு இந்துப் பள்ளி. அடுத்த வீட்டு விளக்கில் படித்த இருவருமே பின்னாளில் தம் சமூகத்துக்கு விளக்கேற்றப் புறப்பட்டார்கள். அந்த அடுத்த வீட்டின்மேல் அவர்களுக்குக் கசப்பு வரவில்லை.

கைவிட்டதிலும் ஒற்றுமை உண்டு. லண்டன் பி.எஸ்.சி., மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் என்று இரண்டு பட்டங்களோடு மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த மயில்வாகனனார், 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார், 1924இல் துறவியானார். இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிமான அஸீஸ், 1948இல் அந்தப் பதவியை உதறிவிட்டுக் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபரானார். ஒருவர் காவி உடுத்துத் துறந்தார். மற்றவர் கோட்டைக் கழற்றாமலே துறந்தார்.

வேலை செய்த விதத்தில்தான் வேறுபாடு. சுவாமிகள் பிள்ளைகளைத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டவர். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை மேற்பார்த்தார். கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு மாணவர் இல்லம் நடந்தது. பெற்றோர் இல்லாத பிள்ளைக்குப் பணம் மட்டும் போதாது. இரவில் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆள் வேண்டும். இல்லம் கொடுப்பது அதைத்தான்.

அஸீஸ் வந்தது போர்க்காலத்தில். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றுபோனது. நெல் விளைவிப்பதற்காகக் கல்முனையில் அவசரக் கச்சேரி திறந்து, இவரை உதவி அரசாங்க அதிபராக அனுப்பினார்கள். காடு வயலானது; காணியில்லாதவர்களுக்குக் காணி கிடைத்தது. ‘அஸீஸ் துரைக் கண்டம்’ என்று ஒரு வயற்பரப்புக்கே பெயர் வைத்தார்கள் விவசாயிகள். அனுப்பிய வேலை அதோடு முடிந்தது. அவரோ அதே 1942இல் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் உருவாக்கினார். வயிற்றுப் பசிக்கு அரசு அனுப்பிய ஆள், அரசு சொல்லாத இன்னொரு பசியையும் பார்த்துவிட்டார். சுவாமிகளோடு பழக்கமானதும் இக்காலத்தில்தான்.

அவர் கல்முனையில் இருந்தது ஏறத்தாழ இரண்டு ஆண்டு. மாற்றலாகிப் போகும் உத்தியோகத்தனுக்குத் தான் இல்லாமலும் ஓடக்கூடிய ஏற்பாடுதான் தேவை. இங்கே சங்கமாக முளைத்த எண்ணம், 1945இல் நாடு தழுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது.

சுவாமிகளும் ஊரிலேயே தங்கியவர் இல்லை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர். பிறகு இமயமலை மாயாவதியில் பத்திரிகை ஆசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பல்லாண்டு உழைத்த ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் அரங்கேறியது. ஜூலை 19இல் காலமானார். 1960களின் தொடக்கத்தில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது மிஷன் பள்ளிகளும் கைமாறின. மாணவர் இல்லம் மட்டும் மிஷனிடமே நின்றது. அவர் கட்டியதில் சட்டத்தால் எடுத்துக்கொள்ள முடியாத பகுதி அதுதான்.

நிதி, ஊர் எல்லையைத் தாண்டிப் போனது. இல்லம், பிள்ளையின் பக்கத்திலேயே இருந்தது. எது பெரிதென்று கேட்டால், கட்டணம் கட்ட முடியாத பிள்ளை ஒரு பதில் சொல்லும். தாயில்லாத பிள்ளை வேறு பதில் சொல்லும்.

நம் ஊர்களில் பொன்னாடை போர்த்தும் மேடையில் “ஐயா நாற்பது வருஷம் இந்தச் சங்கத்தில் தலைவராக இருந்தார்” என்று சொல்லிக் கைதட்டுவோம். அந்தக் கணக்கில் துறவியும் துரையும் இந்தக் கரையில் சேர்த்த வருஷங்கள் சொற்பம். மேடையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவர் போன மறுவருஷம் அங்கே என்ன நடந்தது?