ஷாமொனி: பேர் வாங்கிய ஊர்

தமிழில் பெயரும் பேர்தான், புகழும் பேர்தான். பேர் வைக்கலாம், பேர் வாங்கலாம், பேரைக் கெடுக்கலாம், அடுத்தவன் பேரைத் தட்டிக்கொண்டும் போகலாம். பிரான்ஸில், ஆல்ப்ஸ் மலைக்கு நடுவே இருக்கும் ஷாமொனி என்ற பனிச்சறுக்கு ஊரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்த ஒரு சொல்லை வைத்தே முழுக் கதையையும் சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

முதலில் உச்சரிப்பு. எழுதும்போது கடைசியில் ‘எக்ஸ்’ இருக்கும், சொல்லும்போது இருக்காது. உள்ளூர்க்காரர்கள் அதையும் சுருக்கி ‘ஷாம்’ என்பார்கள். 1091-ஐ ஒட்டிய லத்தீன் ஆவணம் ஒன்றில் இந்த இடத்தின் பெயர் ‘காம்புஸ் முனீட்டுஸ்’, அதாவது அரண் சூழ்ந்த நிலம். அரண் என்றால் யாரும் கட்டிய மதில் இல்லை, மலைதான். ஜெனீவாவின் பிரபு பள்ளத்தாக்கை ஒரு பெனடிக்டின் மடத்துக்கு எழுதிக்கொடுத்த சாசனம் அது. நம் கல்வெட்டுப் பாஷையில் சொன்னால் தேவதானம்.

ஆனால் 1741-இல் வில்லியம் விண்டம், ரிச்சர்ட் போகாக் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் துப்பாக்கி சகிதமாக வந்து ஷாமொனியைக் ‘கண்டுபிடித்தார்கள்’! ஆறரை நூற்றாண்டாக மடத்துக்கு வரி கட்டிவந்த ஜனங்கள் அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். ஜெனீவாவில் இந்தச் சிகரங்களுக்கு அதுவரை இருந்த பேர் ‘சபிக்கப்பட்ட மலைகள்’. விண்டம் பனியாற்றைப் பார்த்துவிட்டு, காற்றில் கொந்தளிக்கும் ஏரி அப்படியே உறைந்துபோனதுபோல் இருக்கிறது என்று எழுதினார். அதிலிருந்து அதற்குப் ‘பனிக்கடல்’ என்று பேர் நின்றது. சாபம் போய் சுற்றுலா வந்தது.

அடுத்தது நாம் பள்ளியில் மாண்ட் பிளாங்க் என்று படித்த மோன் பிளாங். ஜெனீவா விஞ்ஞானி சொசூர், இந்தச் சிகரத்துக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று 1760-இல் அறிவித்தார். இருபத்தாறு வருஷம் கழித்து, 1786 ஆகஸ்ட் 8-ஆம் தேதி சாயங்காலம், இரண்டு பேர் உச்சியில் நின்றார்கள். ஒருவர் மிஷெல்-காப்ரியேல் பக்கார், ஷாமொனியின் டாக்டர், முதுகில் பாரமானியைச் சுமந்து ஏறியவர். இன்னொருவர் ஜாக் பால்மா, மலையில் படிகக்கல் தேடி விற்பவர். இறங்கும்போது பனியின் வெளிச்சத்தில் பக்காருக்குக் கண் தெரியாமல் போனது, பால்மாதான் கூட்டி வந்தார். சேர்ந்து போனார்கள், சேர்ந்து வந்தார்கள். விஷயம் அவ்வளவுதான்.

அவ்வளவோடு விட்டார்களா? மார்க்-தியோடோர் பூர்ரி என்று ஜெனீவாவில் ஓர் எழுத்தாளர் இருந்தார். தானே ஏறப் பார்த்துத் தோற்றவர். அந்தப் புகைச்சலோ என்னவோ, சாதித்தது பால்மாதான், டாக்டர் சும்மா இழுத்துச் செல்லப்பட்டவர் என்ற தொனியில் ஒரு கடிதத்தை அச்சிட்டுப் பரப்பினார். டாக்டர் விடவில்லை. நடந்தது இதுதான் என்று பால்மாவிடமே கையெழுத்து வாங்கிப் பத்திரிகையில் போட்டார். பயணத்தைப் பற்றிப் புத்தகம் எழுதப்போவதாக அறிவிப்பும் கொடுத்தார். அந்தப் புத்தகம் வரவே இல்லை. என் பார்வையில் அவர் தோற்றது அங்கேதான். எழுதியவன் சொன்னதே நின்றது, ஏறியவன் சொல்ல நினைத்தது நிற்கவில்லை. (இத்தனைக்கும் நடுவில் பக்கார் பால்மாவின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டார். மச்சான் வீட்டு விருந்துகளில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்!)

பரிசு பால்மாவுக்கு. சார்டினிய அரசர் கொடுத்த பட்டமும் பால்மாவுக்கு. ‘மோன் பிளாங்’ என்று மலையின் பெயரையே தன் பெயரோடு ஒட்டிக்கொள்ளலாம். பக்கார் 1827-இல் இறந்தார். ஐந்து வருஷம் கழித்து, ‘மூன்று மஸ்கடியர்கள்’ எழுதப்போகிற அலெக்சாண்டர் டூமா ஷாமொனிக்கு வந்து கிழவர் பால்மாவிடம் கதை கேட்டார். மறுத்துச் சொல்ல எதிராளி உயிரோடு இல்லை. டூமா எழுதினால் கேட்கவா வேண்டும், ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது. 1887-இல் ஊர் நடுவில் சிலை வைத்தார்கள். பால்மா கை நீட்டிச் சிகரத்தைக் காட்ட, சொசூர் அண்ணாந்து பார்க்கிறார். டாக்டர் இல்லை.

அன்று கீழேயிருந்து தொலைநோக்கியில் எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துவைத்த கெர்ஸ்டோர்ஃப் என்ற ஜெர்மானியப் பிரபுவின் நாட்குறிப்பு பிற்பாடு வெளியே வந்தது. பக்காருக்கும் அதே ஊரில் சிலை வந்தது, 1986-இல். சரியாக இருநூறு வருஷம்.

பால்மா செய்ததையே 1921-இல் ஊரும் செய்தது. மலையின் பெயரைச் சேர்த்துக்கொண்டு ‘ஷாமொனி-மோன்-பிளாங்’ ஆனது. உச்சியில் எல்லைக்கோடு எங்கே போகிறது என்று இத்தாலியும் பிரான்ஸும் இன்றுவரை உடன்படவில்லை. பக்கத்து ஊர் சேன் ஜெர்வேக்கும் சிகரத்தில் பங்கு உண்டு. பெயரில் மட்டும் மலை ஷாமொனிக்கு.

முதல் குளிர்கால ஒலிம்பிக் 1924-இல் நடந்தது ஷாமொனியில் என்று பொது அறிவுப் புத்தகங்கள் சொல்கின்றன. நடந்தபோது அது ஒலிம்பிக் இல்லை, ‘சர்வதேசக் குளிர்கால விளையாட்டு வாரம்’. தங்கள் நோர்டிக் விளையாட்டுகள் அடிபட்டுப்போகும் என்று ஸ்காண்டிநேவிய நாடுகள் முறுக்கிக்கொண்டிருந்ததால் இந்த அடக்கமான பெயர். ஒலிம்பிக் என்ற பட்டத்தை 1926-இல்தான் பின்தேதியிட்டுக் கொடுத்தார்கள். இன்னொரு வேடிக்கை: மலைச்சரிவில் விருட்டென்று இறங்கும் பனிச்சறுக்கு, அதாவது ஊருக்கு இன்று பேர் வாங்கித் தருகிற அந்த விளையாட்டு, 1924 பட்டியலிலேயே கிடையாது. அது ஒலிம்பிக்கில் நுழைந்தது 1936-இல். அன்று பனித்தாவலில் வெண்கலம் நார்வேயின் தோர்லைஃப் ஹவுக்குக்குப் போனது. கூட்டலில் தப்பு என்று கண்டுபிடித்து, 1974-இல் ஹவுக்கின் மகள் அந்தப் பதக்கத்தை அமெரிக்கரான ஆண்டர்ஸ் ஹவுகனின் கையில் கொடுத்தார். ஐம்பது வருஷம்! பக்காருக்கு ஆனதைப் பார்த்தால் இது சீக்கிரம்தான்.

அதே 1924-இல் ஷாமொனியில் மலையேற்றத்துக்கும் பதக்கம் தந்தார்கள், 1922 எவரெஸ்ட் குழுவுக்கு. அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் செத்த ஏழு சுமைதூக்கிகளுக்கும் அதில் பங்கு. இமயமலைக்கும் இந்த ஊருக்கும் அப்படி ஒரு முடிச்சு விழுந்தது.

அடுத்த முடிச்சு கொடுமையானது. 1950 நவம்பர் 3-ஆம் தேதி ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ மோன் பிளாங்கில் மோதி 48 பேர் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் கப்பலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இந்திய மாலுமிகள். தேடிப்போன ஷாமொனி வழிகாட்டி ரெனே பாயோ பனிப்பிளவில் விழுந்து இறந்தார். 1966 ஜனவரி 24 அன்று, அதே மலையில், ஏறக்குறைய அதே இடத்தில், இன்னொரு ஏர் இந்தியா விமானம். 117 பேர், ஹோமி பாபாவும் சேர்த்து. அந்த போயிங்குக்கு வைத்திருந்த பேர் ‘கஞ்சன்ஜங்கா’.

சிதறியதை போசோன் பனியாறு விழுங்கிக்கொண்டது, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவந்து கொடுக்கிறது. 2013-இல் மலையேறும் இளைஞர் ஒருவருக்கு மரகதமும் நீலமும் மாணிக்கமும் நிறைந்த பெட்டி கிடைத்தது. நேரே கொண்டுபோய் போலீசில் ஒப்படைத்தார். உரிமையாளரின் வாரிசுகள் யாரென்று தெரியாமல் 2021-இல் அவருக்குப் பாதி, ஷாமொனி நகராட்சிக்குப் பாதி என்று பிரித்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் கோடையில் உருகிய பனியிலிருந்து வந்தவை இந்தியச் செய்தித்தாள்கள். ஈரத் தாள்களைக் காயப்போட்டபோது தலைப்புகள் அழியாமல் இருந்தன: இந்திரா காந்தி பிரதமராகிறார்.