நகையின் நான்கு நிலமும் கட்டியங்காரனும்

சிரிப்பு எங்ஙனம் பிறக்கிறது என்னும் வினாவைத் தமிழ் இலக்கணம் நெடுநாட்களுக்கு முன்பே எழுப்பியது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கையும் அதன் நிலைக்களன்களாகக் கூறுகிறது. மேலை நாட்டில் 1651இல் ஹாப்ஸ், பிறரினும் தான் உயர்ந்தவன் எனத் திடீரெனத் தோன்றும் பெருமிதமே சிரிப்பு என்றார். அது எள்ளலுள் அடங்கும். 1790இல் காண்ட், வளர்ந்துவந்த எதிர்பார்ப்பு ஒன்றுமில்லாமற் போவதே சிரிப்பு என்றார். 1905இல் பிராய்டு, அடக்கி வைத்த எண்ணம் காவலைக் கடந்து வெளிப்படும் வழியாக நகைச்சுவையைக் கண்டார்.

எதிர்பார்ப்பைத் திருப்பிவிடும் கலையில் காளமேகம் வல்லவர். பாம்பையும் எள்ளையும் ஒருங்கே பாடிய அவரது சிலேடையில், பாம்பு ஆடிக் குடம் புகுவதைச் சொல்லும் சொற்களே எள் செக்கில் ஆடி எண்ணெயாய்க் குடம் சேர்வதையும் சொல்கின்றன. ஒரு பொருளில் ஊன்றிய செவி மறுபொருளுக்குத் தாவும் அக்கணத்தில் நகை பிறக்கிறது.

ஏட்டில் நின்ற இவ்விலக்கணம் களத்தில் உயிர்பெறுவது தெருக்கூத்தில். ஒலக்கூர், திண்டிவனம், செஞ்சி எனப் பரந்த இவ்வட்டாரம் திரௌபதி அம்மன் விழாக்களுக்கும் பாரதக் கூத்துக்கும் பேர்பெற்றது. திரைக்குப் பின் நிற்கும் துரியோதனனை நோக்கி, "நீர் யார்? எந்த ஊர்?" என்று அறியாதவன்போல் வினவுகிறான் கட்டியங்காரன். வினவும் தோற்றம் பேதைமை, விளைவதோ எள்ளல். அரசனின் பணியாளாகவும் ஊராரின் நாவாகவும் அவன் ஒருங்கே நிற்பதால், பகலில் எவரும் சொல்லத் துணியாததை இரவில் அவன் சொல்லிவிடுகிறான். பிராய்டு கூறிய காவல் அங்கே தளர்கிறது.

ஆயினும் அந்நாவுக்கு இருமுனை உண்டு. மன்னனை எள்ளிய அதே நா, பெண்டிரையும் ஊனமுற்றோரையும் எளிய சாதியாரையும் எள்ளியதுண்டு. மேல்நோக்கிய எள்ளல் அச்சத்தைக் குறைக்கிறது. கீழ்நோக்கியதோ முன்னரே தாழ்த்தப்பட்டவரை மீண்டும் தாழ்த்துகிறது. சிரிப்பின் பொறி இரண்டிலும் ஒன்றே, அறம் வேறு. நகையின் நிலைக்களனை வகுத்த இலக்கணம் அதன் திசையை வகுக்கவில்லை. அது நகைப்பவனின் பொறுப்பாகவே எஞ்சுகிறது.

அச்சேறிய கூத்துப் பனுவல்களில் பாட்டும் விருத்தமும் நிலைக்கின்றன. கட்டியங்காரன் அவ்விரவில் புனைந்த சொல்லோ பெரும்பாலும் விடியலோடு கரைந்துபோகிறது. அழுகையைப் பாடிப் பழகிய கவிஞர்கள், மெய்ப்பாடுகளுள் முதலாவதாக நிற்கும் நகையையும் செவிகொடுத்துக் கேட்டு எழுதிவைப்பார்களாயின், இம்மண்ணின் வரலாற்றில் ஒரு பக்கம் அழியாது நிற்கும்.