தமிழ்நாட்டு நில ஆவணச் சொற்கள்

தமிழ்நாட்டில் நிலமும் வீடும் வாங்க, விற்க, பங்கிட, அடமானம் வைக்கப் புழங்கும் சொற்களில் பெரும்பாலானவை மூன்று துறைகளின் ஏடுகளிலிருந்து வருபவை. தீர்வை கட்டவேண்டியவர் யார் என்பதை வருவாய்த் துறை குறித்து வைக்கிறது. யார் யாருக்கு எதை எழுதிக் கொடுத்தார் என்பதைப் பதிவுத் துறையும், எங்கே என்ன கட்டலாம் என்பதை நகர் ஊரமைப்புத் துறையும் பார்த்துக்கொள்கின்றன. ‘இவரே உரிமையாளர்’ என்று அரசு உத்தரவாதம் தரும் ஒற்றை ஆவணம் எதுவும் இவற்றில் இல்லை. ஒரு தாள் எந்த அலுவலகத்தில் பிறந்தது என்பதைப் பொறுத்தே அதன் பலமும் எல்லையும் அமைகின்றன.

வருவாய்த் துறைச் சொற்கள்

பட்டா, ஒரு கிராமத்தில் ஒருவர் பெயரில் உள்ள நிலங்களையும் அவற்றுக்கான தீர்வையையும் காட்டும் ஆவணம். நபர்வாரியாக நில விவரம் தரும் கிராமக் கணக்கான சிட்டா, இப்போது கணினிப் பட்டாவுடன் இணைத்தே வழங்கப்படுகிறது. எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று பசலி ஆண்டுவாரியாகக் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எழுதுவது அடங்கல். பசலி ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும்; தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி எண் கிடைக்கும். நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பதை ‘அ’ பதிவேட்டிலும், புலத்தின் வடிவத்தையும் அளவுகளையும் எப்.எம்.பி. எனப்படும் புலப்பட வரைபடத்திலும் காணலாம்.

நத்தம் என்பது கிராமத்தில் குடியிருப்புக்கு விடப்பட்ட நிலம். ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல் போன்ற பொதுப் பயன்பாட்டு நிலங்கள் புறம்போக்கு. புறம்போக்கை ஆக்கிரமித்தவருக்கு வழங்கப்படும் பி மெமோ, ஆக்கிரமிப்புக்கு விதித்த தண்டனை மட்டுமே. அதை வைத்து நிலத்தை விற்க முடியாது. ஆங்கிலேயர் காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்டது பஞ்சமி நிலம். அதைப் பிற சாதியினருக்குக் கைமாற்றுவது அந்த நிபந்தனைக்கு எதிரானது.

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. அப்போது பெயரிலும் பரப்பிலும் நேர்ந்த பிழைகள் ‘யு.டி.ஆர். தவறு’ என்ற பெயரில் இன்றும் வருவாய்க் கோட்டாட்சியர் முன் மனுக்களாக வருகின்றன. வருவாய்ப் பதிவு மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது.

பதிவுத் துறைச் சொற்கள்

கிரயப் பத்திரம் விலைக்கு விற்றதற்கான ஆவணம். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயம் பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். கிரய ஒப்பந்தம், அதாவது அக்ரிமென்ட், சொத்தில் உரிமை எதையும் தராது. எழுதிய பத்திரத்தை நான்கு மாதங்களுக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023இல் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பத்திரத்தில் காட்டும் விலை அரசின் வழிகாட்டி மதிப்புக்குக் குறைவாக இருந்தால், குறையும் தீர்வையைக் கட்டச் சொல்வார்கள்.

செட்டில்மென்ட் என்பது குடும்பத்தாருக்குப் பிரியத்தின் பேரில் எழுதிக் கொடுப்பது. கூட்டுச் சொத்தைப் பங்குதாரர்கள் பிரித்துக்கொள்வது பாகப்பிரிவினை. அவர்களில் ஒருவர் தம் பாகத்தை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பது விடுதலைப் பத்திரம். உயில் எழுதியவரின் இறப்புக்குப் பின்பே நடைமுறைக்கு வரும். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. பொது அதிகாரப் பத்திரம் (பவர்) ஒருவர் சார்பில் செயல்படும் அனுமதி மட்டுமே. பவரையும் அக்ரிமென்ட்டையும் வைத்துக் கைமாறும் சொத்துக்கு உரிமை மாறாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சொத்து இன்றைய உரிமையாளருக்கு எப்படி வந்தது என்பதைக் காட்டும் பழைய பத்திரம் மூலப் பத்திரம். வில்லங்கச் சான்று (ஈ.சி.), கேட்கும் காலத்தில் பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றைப் பட்டியலிடும். பதிவாகாத உயிலோ, வாய்மொழிப் பாகப்பிரிவினையோ, வாரிசுரிமையோ அதில் தெரியாது.

அடமானமும் அனுபவமும்

கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைச்சலை எடுத்துக்கொள்வது ஒத்தி அல்லது போக்கியம். உரிமையாளர் அல்லாதவர் தனியார் நிலத்தை 12 ஆண்டுகள் வெளிப்படையாகவும் உரிமையாளருக்கு எதிராகவும் தொடர்ந்து அனுபவித்தால் எதிரிடை அனுபவ பாத்தியம் கோரலாம். அரசு நிலத்துக்கு இது 30 ஆண்டுகள்.

மனையும் அடுக்ககமும்

மனைப்பிரிவுக்குச் சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ.வும் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பிற இடங்களில் டி.டி.சி.பி.யும் (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம் அளிக்கும் அமைப்புகள். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை விதித்தது. அவற்றுக்கான வரன்முறைத் திட்டம் 2017இல் வந்தது. அடுக்ககத்தில் யு.டி.எஸ். என்பது, கட்டடம் நிற்கும் நிலத்தில் ஒவ்வொருவருக்கும் உள்ள பிரிபடாத பாகம். கார்ப்பெட் ஏரியா வெளிச்சுவரையும் பால்கனியையும் நீக்கிய பயன்பாட்டுப் பரப்பு. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) இதை வரையறுத்துள்ளது.

அளவும் எல்லையும்

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நூறு சென்ட் ஒரு ஏக்கர். சென்னையில் வழங்கும் கிரவுண்ட் 2,400 சதுர அடி. பட்டா ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். எனவே பட்டாவில் 12.50 ஏர்ஸ் என்றிருந்தால் நிலம் ஏறத்தாழ 31 சென்ட்.

124/2ஏ என்ற எண்ணில் 124 என்பது புல எண். அதன் இரண்டாம் உட்பிரிவை மீண்டும் பிரித்ததில் முதல் துண்டு 2ஏ. பத்திரத்தின் கடைசியில் வரும் சொத்து விவரத்தில் செக்குபந்தி எனப்படும் நான்கெல்லை இருக்கும். ‘வண்டிப்பாதைக்கு வடக்கு, ஓடைக்குக் கிழக்கு’ என்றால் பாதை நிலத்தின் தென்புறமும் ஓடை மேற்புறமும் உள்ளன என்று பொருள். இதைத் தலைகீழாகப் படிப்பவர் பக்கத்து நிலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நேரடி அனுபவம் ஆகிய நான்கும் ஒரே புல எண்ணையும் பரப்பையும் எல்லையையும் காட்ட வேண்டும். ஒன்று மாறுபட்டாலும் காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்காதிருப்பதே நல்லது.