கிளப் கோப்பையா, மாநிலச் சட்டையா: ரக்பி லீக்கில் பெருமை இடம் மாறிய வரலாறு

ஓய்வுபெற்ற ஆட்டக்காரரின் நினைவுக் குறிப்பில் எல்லாக் கோப்பையும் இனிக்கும். கிளப்புக்கு வென்ற சாம்பியன்ஷிப் பெரிதா, மாநிலத்துக்கோ நாட்டுக்கோ ஆடியது பெரிதா என்று ரக்பி லீக்காரரிடம் கேட்டால், எந்த மேடையில் நிற்கிறாரோ அந்த மேடைக்கேற்ற பதில் வரும். வாய்ச்சொல்லை நம்பி இந்தக் கேள்வியைத் தீர்க்க முடியாது. எதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். கூலி, உடம்பு, ஆட்ட அட்டவணை ஆகிய மூன்றும் பொய் சொல்வதில்லை. அவற்றைப் பின்தொடர்ந்தால், பிழைப்புக்காக ஆட்டக்காரர் ஊரை விட்டுப் போன இடங்களில்தான் பிரதிநிதிப் பெருமை ஓங்கியது என்பதும், கிளப்பே ஊராக இருந்த இடங்களில் அது இரண்டாம் இடத்துக்குப் போனது என்பதும் தெரியவருகிறது.

ஆட்டம் பிறந்ததே கூலிப் பிரச்சினையில்தான். சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத சுரங்க, ஆலைத் தொழிலாளிக்கு இழந்த கூலியை ஈடுகட்டலாமா என்பதில் ரக்பியின் லண்டன் நிர்வாகத்தோடு முரண்பட்ட வட இங்கிலாந்துக் கிளப்புகள், 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடித் தனி அமைப்பு கண்டன. பதினைந்து பேர் ஆட்டம் பின்னர் பதின்மூன்று பேர் ஆட்டமாகி ரக்பி லீக் ஆனது. விகன், செயின்ட் ஹெலன்ஸ், ஹாலிஃபாக்ஸ், வேக்ஃபீல்ட் என்று ஒவ்வொரு கிளப்பும் ஒரு தொழில் நகரம். வார நாளில் சுரங்கத்தில் பக்கத்தில் நின்றவனே சனிக்கிழமை அணியிலும் பக்கத்தில் நின்றான்.

ஆஸ்திரேலியாவில் தொடக்கம் வேறு. சிட்னியின் முதல் பிரிமியர்ஷிப் 1908இல் நடந்தது. சவுத் சிட்னி 14-12 என்று ஈஸ்டர்ன் சபர்ப்ஸை இறுதி ஆட்டத்தில் வென்றது. ஆனால் அந்த ஆட்டம் நடந்தபோது இரு கிளப்புகளின் சிறந்த ஆட்டக்காரர் பலர் மைதானத்தில் இல்லை. ‘கங்காரு’ எனப்பட்ட முதல் ஆஸ்திரேலியப் பயண அணியோடு இங்கிலாந்து நோக்கிக் கப்பலேறிவிட்டார்கள். கிளப் இறுதி ஆட்டத்துக்காகக் கப்பலைக் காத்திருக்க வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எது முதலில் என்பதை அந்த ஆண்டின் அட்டவணையே சொல்லிவிட்டது.

1914 இன்னும் கடுமையான சான்று. ஹரோல்ட் வாக்ஸ்டாஃப் தலைமையில் ஆஸ்திரேலியா வந்த பிரிட்டிஷ் அணி, ஜூன் 27, ஜூன் 29, ஜூலை 4 என எட்டே நாளில் மூன்று டெஸ்ட் ஆட வேண்டியிருந்தது. காயம்பட்டவர்களைச் சுட்டிப் பயண நிர்வாகிகள் மறுத்தபோது, ஆடியே தீர வேண்டும் என்று தாயகத்திலிருந்து தந்தி வந்தது. மாற்று ஆட்டக்காரர் முறை அப்போது கிடையாது. ஒரு கட்டத்தில் பத்துப் பேராகக் குறைந்தும் 14-6 என்று வென்றார்கள். ‘ரோர்க்ஸ் டிரிஃப்ட் டெஸ்ட்’ என்று வரலாற்றில் நின்ற ஆட்டம் அது. அதே வாக்ஸ்டாஃப் அடுத்த பருவத்தில் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு நான்கு கோப்பைகளையும் வென்று தந்தார். பொதுநினைவில் முன்னால் நிற்பது சிட்னி டெஸ்ட்தான் என்றாலும், ஹடர்ஸ்ஃபீல்டில் போய் அதை உரக்கச் சொல்ல நான் துணியமாட்டேன்.

1920க்குப் பிறகு, பிரிட்டனுக்கு எதிரான ஆஷஸ் தொடரை ஆஸ்திரேலியா மீட்க 1950 ஜூலை வரை ஆனது. சேறாய்க் கிடந்த சிட்னி மைதானத்தில் ரான் ராபர்ட்ஸ் போட்ட ஒரே ட்ரை 5-2 என்று முப்பதாண்டுக் காத்திருப்பை முடித்தது. அந்தக் காலத்தில் சிட்னி ஆட்டக்காரர் தன் வட்டாரக் கிளப்புக்கே ஆட வேண்டும் என்ற விதி இருந்தது. கிளப் என்பது குடியிருக்கும் பகுதி, டெஸ்ட் என்பது அதற்கு மேலே உள்ள உச்சி. இரண்டுக்கும் மோதலில்லை.

மோதலைக் கொண்டுவந்தது பணம். 1956இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு பதிவுபெற்ற கிளப்புகளில் சூதாட்ட எந்திரங்களைச் சட்டபூர்வமாக்கியது. ரக்பி லீக் கிளப்புகளை ஒட்டிய உறுப்பினர் மன்றங்களில் காசு குவிந்தது. குடியிருப்பு விதியும் 1950களின் இறுதியோடு போயிற்று. செயின்ட் ஜார்ஜ் 1956 முதல் 1966 வரை தொடர்ந்து பதினொரு பிரிமியர்ஷிப் வென்ற காலமும் இதுதான். பிரிஸ்பேனிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் தெற்கே சிட்னிக்குப் போனார்கள். அன்றைய விதிப்படி எந்த மாநிலத்தில் ஆடுகிறாரோ அந்த மாநிலத்துக்கே ஆட வேண்டும். குயின்ஸ்லாந்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நியூ சவுத் வேல்ஸின் நீலச் சட்டை போட்டுக் குயின்ஸ்லாந்தையே தோற்கடித்தார்கள். 1959க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மாநிலம் ஒரு தொடரையும் வெல்லவில்லை. மாநில ஆட்டத்துக்குக் கூட்டமும் வற்றியது. கிளப் பெருமை தனியரசு நடத்திய காலம் என்றால் இதுதான்.

இதற்கு மருந்து கண்டவர்களில் முன்னணியில் நின்றவர் குயின்ஸ்லாந்து ரக்பி லீக் தலைவர், செனட்டர் ரான் மெக்காலிஃப். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் 1977இல் வந்த ஏற்பாட்டைப் பின்பற்றி, எங்கே ஆட்டத்தைத் தொடங்கினாரோ அந்த மாநிலத்துக்கு ஆடலாம் என்றார்கள். 1980 தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களும் பழைய விதிப்படி நடந்தன, இரண்டிலும் நியூ சவுத் வேல்ஸே வென்றது. முடிவு தெரிந்துவிட்ட மூன்றாவது ஆட்டத்தில்தான், ஜூலை 8 அன்று பிரிஸ்பேனின் லாங் பார்க்கில், ‘ஆரிஜின்’ எனப்பட்ட இந்தப் புதிய விதியைப் பரிசோதித்தார்கள். 33,210 பேர் வந்தார்கள்.

அன்று குயின்ஸ்லாந்து அணியின் தலைவர் ஆர்தர் பீட்சன். ரோமாவில் பிறந்தவர், வயது முப்பத்தைந்து. ஈஸ்டர்ன் சபர்ப்ஸுக்கு 1974, 1975 பிரிமியர்ஷிப்புகளைத் தலைவராக வென்று தந்தவர். ஆஸ்திரேலியத் தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய முதல் பழங்குடி ஆட்டக்காரரும் அவரே. நியூ சவுத் வேல்ஸுக்குப் பல ஆண்டுகள் ஆடியிருந்த அவர், அந்தப் பருவத்தில் பாரமட்டா கிளப்பின் இரண்டாம் நிலை அணியில் இருந்தார். லாங் பார்க்கில் எதிரணியில் நின்ற தன் கிளப் தோழர் மிக் குரோனின் மீதே கையை ஓங்கினார். அந்த அடி எவ்வளவு பலமானது என்பது சொல்பவருக்குத் தக்கபடி மாறுகிறது. பலம் முக்கியமில்லை. சம்பளம் தரும் கிளப்பின் உறவை எண்பது நிமிடம் ஒதுக்கிவைக்கலாம் என்பதை ஆட்டக்காரரும் பார்த்தார்கள், கூட்டமும் பார்த்தது. குயின்ஸ்லாந்து 20-10 என்று வென்றது. 1982 முதல் மூன்று ஆட்டங்களும் ஆரிஜின் விதிப்படியே நடக்கின்றன.

குயின்ஸ்லாந்து ஆட்டக்காரர் வாலி லூயிஸ் இந்த மாற்றத்தின் முழு உருவம். பிரிஸ்பேன் உள்ளூர்ப் போட்டியில் வென்றவர், ஆனால் சிட்னி பிரிமியர்ஷிப் ஒன்றுகூட அவரிடம் இல்லை. பிரிஸ்பேன் பிராங்கோஸின் முதல் தலைவராக இருந்தும், அந்தக் கிளப்பின் முதல் பட்டம் அவர் போன பிறகு 1992இல்தான் வந்தது. அந்தக் குறை அவருடைய ‘மன்னர்’ பட்டத்தை ஒரு இழையும் குறைக்கவில்லை. 1960களில் இப்படி ஒரு புகழ் சாத்தியமே இல்லை.

1995இல் நடந்தது இன்னும் வியப்பு. போட்டி லீக்காகக் கிளம்பிய சூப்பர் லீக்கோடு நடந்த போரில் எதிர்ப்பக்கம் சேர்ந்த ஆட்டக்காரர்களை ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆரிஜினுக்கு எடுக்க மறுத்தது. பிராங்கோஸ் நட்சத்திரங்கள் இல்லாமல், பால் வாடின் பயிற்சியில் பெயர் தெரியாதவர்களோடு இறங்கிய குயின்ஸ்லாந்து 3-0 என்று வென்றது. நட்சத்திரம் போனாலும் சட்டையின் மதிப்பு போகவில்லை.

இத்தோடு நிறுத்தினால் பிரதிநிதிப் பெருமைக்கே தீர்ப்பு என்று ஆகிவிடும். நியூகாசல் குறுக்கே நிற்கிறது. 1989 டிசம்பரில் நிலநடுக்கம் அடித்த நகரம் அது. 1997 ஏப்ரலில், ஊரின் முதுகெலும்பாக இருந்த எஃகு ஆலையை மூடப்போவதாக பி.எச்.பி. நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நியூகாசல் நைட்ஸ் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. விலா எலும்பு முறிந்து நுரையீரலில் காயத்தோடு ஆண்ட்ரூ ஜான்ஸ் இறங்கினார். சில நொடிகளே மிச்சமிருக்க அவர் கொடுத்த பந்தை டேரன் ஆல்பர்ட் கொண்டுபோய் வைக்க, மான்லியை 22-16 என்று வென்றார்கள். அந்த ஆண்டு இரண்டு லீக், இரண்டு சாம்பியன்கள், அதனால் பட்டம் பாதிதான் என்று சொன்னவர்கள் உண்டு. நியூகாசலில் அதை யாரும் காதில் வாங்கவில்லை. அங்கே கிளப்பே பிரதிநிதி அணி. ஹாலிஃபாக்ஸும் வாரிங்டனும் மோதிய 1954 சேலஞ்ச் கோப்பை மறு ஆட்டத்துக்கு பிராட்ஃபர்டின் ஓட்சலில் 1,02,569 பேர் அதிகாரபூர்வக் கணக்கிலேயே கூடியதற்கும் இதுவே காரணம். இங்கிலாந்தில் லங்காஷயர்-யார்க்‌ஷயர் ஆட்டத்தை ஆரிஜின் பாணியில் 1980களில் புதுப்பித்துப் பார்த்தார்கள், வேர் பிடிக்கவில்லை. அங்கே யாரும் ஊரை விட்டுப் போயிருக்கவில்லை.

கிளப் பட்டத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. சம்பள உச்சவரம்பை மீறியதாக மெல்பர்ன் ஸ்டார்மின் 2007, 2009 பட்டங்கள் 2010இல் பறிக்கப்பட்டன. கேமரன் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர் போன்றவர்கள் மைதானத்தில் வென்றதைக் கணக்குப் புத்தகம் அழித்தது. அவர்கள் பங்காற்றிய குயின்ஸ்லாந்து அணி 2006 முதல் 2013 வரை தொடர்ந்து வென்ற எட்டுத் தொடர்களை யாராலும் தொட முடியாது.

ஜானதன் தர்ஸ்டன் நுட்பமான சான்று. 2004இல் புல்டாக்ஸோடு பட்டம் வென்றபோது, காயத்தால் ஆட முடியாமல் போன தலைவர் ஸ்டீவ் பிரைஸுக்குத் தன் வெற்றி மோதிரத்தைக் கொடுத்துவிட்டார். அந்த எட்டு ஆரிஜின் தொடர்களும் கையில் இருந்தும், தன் வடக்கு குயின்ஸ்லாந்துக் கிளப்பான கௌபாய்ஸுக்கு ஒரு பட்டம் வேண்டுமென்று 2015 வரை ஓடினார். பிராங்கோஸை 17-16 என்று வீழ்த்திய டிராப் கோல் அவருடையது. மாநிலச் சட்டை அவருக்குப் போதவில்லை. சும்மா கிடைத்த கிளப் பட்டமும் போதவில்லை.

கடைசிக் கட்டம் பசிபிக் தீவுகளுடையது. 2017 உலகக் கோப்பைக்கு ஆண்ட்ரூ ஃபிஃபிட்டா ஆஸ்திரேலிய அணியிலிருந்து விலகியும், ஜேசன் டாமலோலோ நியூசிலாந்தை விட்டும் டோங்காவுக்கு வந்தார்கள். ஆட்டத்துக்கான ஊதியம் பல மடங்கு குறைவு. ஹாமில்டனில் நியூசிலாந்தை 28-22 என்று தோற்கடித்தார்கள். இந்தத் தியாகத்துக்குப் பின்னால் கிளப் பணம் இருப்பதையும் மறைக்க வேண்டாம். டாமலோலோவுக்குக் கௌபாய்ஸ் தந்தது பத்தாண்டு ஒப்பந்தம். கிளப் சோறு போட்டதால்தான் மூதாதையர் நாட்டுக்குக் குறைந்த கூலிக்கு ஆட முடிந்தது.

2022 அக்டோபர் 2 அன்று பென்ரித் கிளப்புக்காகப் பட்டம் வென்ற ஜெரோம் லுவாய், பிரையன் டோஓ, ஸ்டீபன் கிரைட்டன் மூவரும் அடுத்து உலகக் கோப்பையில் சமோவாவுக்கு ஆடினார்கள். கிரைட்டனின் டிராப் கோல் இங்கிலாந்தை 27-26 என்று வெளியேற்றியது. நவம்பர் 19 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா சமோவாவை 30-10 என்று வென்றது. வென்ற அணியில் நேதன் கிளியரியும் ஐசாயா யோவும் இருந்தார்கள், இருவரும் பென்ரித்காரர்கள்.